கதிரியல் ஆய்வேட்டுக்கு எந்த முறை? பழைய படங்கள், ஃபேண்டம், பார்வையாளர் ஆய்வு, புதிய நோயாளிகள், செயற்கை நுண்ணறிவு: ஓர் ஒப்பீடு

"கையில் ஓர் ஆண்டு இருக்கிறது. சி.டி.யில் ஏதாவது செய்ய ஆசை. பழைய படங்களை வைத்துச் செய்யலாமா, ஃபேண்டம் (உடலுக்குப் பதிலாக வைத்துப் படமெடுக்கும் உரு) போதுமா, இல்லை செயற்கை நுண்ணறிவில் இறங்கிவிடலாமா?" கதிரியலும் மருத்துவப் படவியலும் முதுநிலையில் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது இது. வார்த்தைகள் மாறும், தவிப்பு மாறாது. வழிகாட்டி ஒன்று சொல்கிறார், மூத்த மாணவர் வேறொன்று சொல்கிறார், தலைப்பைப் பதிவு செய்யும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

அவர்களிடம் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். ஆய்வேட்டின் முடிவுரையில் நீங்கள் எழுத விரும்பும் அந்த ஒரு வாக்கியம் எது? "டோஸை (கதிர்வீச்சின் அளவை) குறைத்தாலும் சிறுநீரகக் கல் தெரிகிறது" என்பதா? "டோஸைக் குறைத்தால் படத்தின் இரைச்சல் (புள்ளிப் புள்ளியான கலங்கல்) இவ்வளவு கூடுகிறது" என்பதா? "டோஸைக் குறைத்த படத்தைப் பார்த்தும் மருத்துவர்கள் அதே முடிவுக்குத்தான் வருகிறார்கள்" என்பதா? மூன்றும் ஒரே கருவியைப் பற்றிய வாக்கியங்கள். ஆனால் மூன்றுக்கும் மூன்று வேறு வேறு ஆய்வு முறைகள் வேண்டும். பலரும் முறையை முதலில் பிடித்துக்கொண்டு, அந்த முறை தாங்காத வாக்கியத்தைக் கடைசியில் எழுதுகிறார்கள். வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியிலேயே அது சரிந்துவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்ன வாக்கியம். இந்த முறையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது?

இரண்டாவது, யாருடைய நேரம் வேண்டும்? உங்கள் நேரம் உங்கள் கையில். கதிரியல் மருத்துவரின் நேரமும், கருவி சும்மா இருக்கும் நேரமும், நோயாளியின் பொறுமையும் உங்கள் கையில் இல்லை. ஆய்வேடுகள் தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, அனுமதி. அறநெறிக் குழுவின் ஒப்புதல், நோயாளியின் சம்மதம், தரவை வெளியே எடுக்கும் உரிமை மூன்றும் தனித்தனிக் கதவுகள். ஒன்று திறந்தால் மற்றவை தானாகத் திறக்கும் என்று எண்ணக் கூடாது.

நான்காவது, கதிர்வீச்சு. ஆய்வுக்காக யாராவது கூடுதலாக ஒரு முறை கதிர்வீச்சு பெற வேண்டியிருக்கிறதா?

ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. பாதி வழியில் திட்டம் உடைந்தால் கையில் என்ன மிஞ்சும்? சில முறைகளில் பாதி வேலையும் ஒரு சிறிய ஆய்வாக நிற்கும். சிலவற்றில் எல்லாம் முடிந்தால்தான் உண்டு, இல்லையேல் ஒன்றுமே இல்லை.

## பழைய படங்களை வைத்துச் செய்வது

மருத்துவமனையின் படக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கும் படங்களையும் அறிக்கைகளையும் எடுத்து ஆராய்வது பின்னோக்கு ஆய்வு. புதிய கதிர்வீச்சு இல்லை, நோயாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் காத்திருக்கின்றன. ஆகவே, "எளிது" என்ற பெயரை இது சம்பாதித்துவிட்டது.

அந்தப் பெயரில் பாதிதான் உண்மை. படங்கள் உங்கள் கேள்விக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதே இதன் முதல் சிக்கல். யாருக்கு ஸ்கேன் எடுப்பது என்று அன்று ஒரு மருத்துவர் தீர்மானித்திருக்கிறார்; அந்தத் தீர்மானம் உங்கள் தரவுக்குள் ஒளிந்திருக்கிறது. குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.யின் துல்லியத்தை அளக்க, அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த திசு அறிக்கையை அளவுகோலாக வைக்கிறீர்கள். ஆனால் யாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது? பெரும்பாலும் சி.டி.யில் அழற்சி இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு. சி.டி.யில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குத் திசு அறிக்கையே இல்லை. அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் உணர்திறன் (நோயுள்ளவரைச் சரியாக இனங்காணும் திறன்) இயல்பைவிட உயர்ந்தும், நோயில்லாதவரைச் சரியாக இனங்காணும் திறன் தாழ்ந்தும் தெரியும். புள்ளியியல் மென்பொருள் எதுவும் இதை எச்சரிக்காது.

இரண்டாவது சிக்கல், எண்ணிக்கை. உணர்திறன் 90 விழுக்காடு என்று எதிர்பார்த்து, அதை மேலும் கீழும் 5 விழுக்காட்டுக்குள், 95 விழுக்காடு நம்பக எல்லையில் அளக்க விரும்பினால் நோய் உள்ளவர்கள் 139 பேர் வேண்டும். நோய் உள்ளவர்கள்தான் 139. ஸ்கேன் எடுத்தவர்கள் அல்ல. ஸ்கேன் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அந்த நோய் என்றால் ஏறத்தாழ 1,390 பேரின் படங்களைப் புரட்ட வேண்டும். "60 பேரை எடுத்துக்கொண்டேன்" என்று வரும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழைப்பில் குறையில்லை, கணக்கை முன்னால் போடவில்லை, அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் உண்டு. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்பிலிருந்து பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பார்கள். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். தலைப்புத் தகவலை அழித்தாலும் அது போகாது. கருவி நிறுவனங்கள் தமக்கென வைத்திருக்கும் தனிப் புலங்களிலும் அடையாளங்கள் தங்கிவிடும். தலையின் எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமானது. அதிலிருந்து முகத்தையே மீட்டுருவாக்கலாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் முகம் அறியும் மென்பொருள் 84 பேரில் 70 பேரை அவர்களுடைய எம்.ஆர்.ஐ. படத்தை வைத்தே சரியாக இனங்கண்டது. தலைப் படங்களைக் கையாளப்போகிறீர்கள் என்றால் முகப்பகுதியை நீக்கும் வேலைக்கும் நாள் ஒதுக்குங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. முதல் பின்னோக்கு ஆய்வில், இரண்டு புரோட்டோகால்களை (படமெடுக்கும் அமைப்பு முறைகளை) ஒப்பிட மூன்று மாதம் சி.டி. படங்களைச் சேர்த்தேன். எல்லாம் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்: இடையில் ஒரு நாள் கருவியின் மீட்டுருவாக்க மென்பொருள் (அளவீடுகளைப் படமாக்குவது) மாற்றப்பட்டிருந்தது. முன்பு எடுத்தவற்றுக்கும் பின்பு எடுத்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு புரோட்டோகாலால் வந்ததா, மென்பொருளால் வந்ததா என்று பிரிக்கவே முடியவில்லை. பாதிப் படங்களைத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து பின்னோக்கு ஆய்வு செய்யும் எவரிடமும் முதலில் கேட்பது, கருவியின் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்தீர்களா என்பதைத்தான்.

இது எப்போது சிறந்த தேர்வு? அரிய நோயைப் பற்றி எழுதும்போது. பல ஆண்டுகளில் டோஸ் எப்படி மாறியது என்று பார்க்கும்போது. மறுபடி எடுக்க நேர்ந்த எக்ஸ்-ரே படங்கள் எவை, ஏன் என்று ஆராயும்போது. டோஸ் ஆய்வுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு பரிசோதனைக்கான டோஸ்களைத் தொகுத்து, நோயறி மேற்கோள் அளவுகளோடு (ஒப்பிடுவதற்கென வகுத்த டோஸ் அளவுகளோடு) ஒப்பிடுவது ரேடியோகிராஃபரின் அன்றாட வேலைக்கு நேரடியாகப் பயன்படும். பாதியில் நின்றாலும் சேர்த்த வரைக்கும் ஓர் அறிக்கையாகும்.

## ஃபேண்டம்

உடலுக்குப் பதிலாக அக்ரிலிக், நீர், எலும்பை ஒத்த பொருள் ஆகியவற்றால் செய்த உருவை வைத்துப் படம் எடுப்பது. மாணவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். "நோயாளி இல்லாத ஆய்வு ஓர் ஆய்வா?" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு நேர் எதிரான கருத்து. ஓர் ஆண்டுக்குள், ஒருவராக, தெளிவான பதிலைப் பெற விரும்புபவருக்கு இதுவே மிக நேர்மையான தொடக்கம்.

ஏன்? ஏனென்றால் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது. எக்ஸ்-ரேயில் 70 கிலோவோல்ட்டை ஏறத்தாழ 80-க்கு உயர்த்தி, மில்லியாம்பியர்-நொடியைப் பாதியாக்கினால் உணர்கருவிக்கு வந்துசேரும் கதிர் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் என்ற 15 விழுக்காட்டு விதியை எல்லோரும் படித்திருக்கிறோம். டிஜிட்டல் உணர்கருவியில் அது எவ்வளவு தூரம் செல்லும், மாறுபாடு (படத்தில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) எவ்வளவு குறைகிறது, டோஸ் எவ்வளவு இறங்குகிறது? நோயாளியை வைத்து இருபது முறை எடுக்க முடியாது. ஃபேண்டத்தை வைத்து ஒரு மாலையில் எடுத்துவிடலாம்.

ஆனால் மூன்று பொறிகள் உள்ளன.

ஒரே உருவை முப்பது முறை படமெடுத்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை முப்பது என்று எழுதுவது முதல் பொறி. அது முப்பது நோயாளிகள் ஆகாது; ஒரே பொருளின் முப்பது அளவீடுகள். கருவி நிலையாக இயங்குகிறது என்பதால் அளவீடுகள் நெருங்கி இருக்கும். அதனால் மிகச் சிறிய வேறுபாட்டுக்குக்கூட முக்கியத்துவ மதிப்பு (p மதிப்பு) பளிச்சென்று வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்து "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதினால் பொருளே இல்லை. வேறுபாடு எவ்வளவு என்பதையும், கண்ணுக்கு அது தெரியுமா என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது, இரைச்சல். டோஸைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 1.4 மடங்காகும், இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் டோஸை நான்கு மடங்காக்க வேண்டும். பழைய மீட்டுருவாக்க முறைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். திரும்பத் திரும்பக் கணித்துத் திருத்தும் இன்றைய மீட்டுருவாக்க முறைகளும் ஆழ்கற்றல் முறைகளும் இரைச்சலின் அளவைக் குறைப்பதோடு அதன் தன்மையையும் மாற்றிவிடுகின்றன. படம் மழுமழுவென்று தோன்றும், திட்ட விலக்கம் (இரைச்சலை அளக்கும் எண்) அழகாக இறங்கியிருக்கும், ஆனால் மாறுபாடு குறைந்த சிறு புண் ஒன்று அதில் கரைந்து போயிருக்கலாம். திட்ட விலக்கத்தை மட்டும் அளந்து "படத்தரம் உயர்ந்தது" என்று முடிக்கும் ஆய்வேடு இன்று நிற்காது. இரைச்சல் திறன் நிறமாலை (இரைச்சலின் தன்மையைக் காட்டும் அளவு), இலக்கைக் கண்டறியும் திறன் ஆகியவற்றையும் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உடலளவு. சி.டி. டோஸ் குறியீட்டை அளக்கும் நிலையான அக்ரிலிக் உருளைகள் இரண்டு. தலைக்கு 16 சென்டிமீட்டர் விட்டம், உடலுக்கு 32. திரையில் தெரியும் அந்தக் குறியீடு, உருளை பெறும் டோஸைச் சொல்கிறதே தவிர எதிரில் படுத்திருப்பவர் பெறும் டோஸை அல்ல. மெலிந்தவரும் குழந்தையும் உண்மையில் அதைவிடக் கூடுதலாகப் பெறுவார்கள். ஆகவே ஒரே அளவு ஃபேண்டத்தில் கிடைத்த முடிவை எல்லா உடலுக்கும் நீட்டாதீர்கள். அக்ரிலிக் தகடுகளைக் கூட்டிக் குறைத்து மூன்று பருமன்களிலாவது அளந்தால் ஆய்வின் மதிப்பு சட்டென்று உயரும்.

மறைமுகச் செலவு, கருவி நேரம். பகலில் கிடைக்காது, இரவிலும் விடுமுறையிலும் காத்திருக்க வேண்டும். டோஸ் அளவி எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

நோயாளிக்கு இது நல்லது என்று ஃபேண்டம் ஒருபோதும் சொல்லாது. அதைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இதற்கு நிகரில்லை.

## பார்வையாளர் ஆய்வு

படத்தைக் கருவி எடுக்கிறது, நோயை மனிதர் காண்கிறார். அந்த மனிதரை ஆய்வின் நடுவில் நிறுத்துவது இந்த முறை. மற்ற எல்லா முறைகளையும்விட எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால் "நல்ல படம்" என்ற சொல்லுக்கு இதில்தான் பொருள் கிடைக்கிறது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கேட்டார்கள். கடைசிப் படத்தொகுப்பில் சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் நகர்வைப் பதிவு செய்தபோது, அவர்களில் பலர் அந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தார்கள். படத்தில் இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு என்பதை எந்த ஃபேண்டமும் இப்படிக் காட்டாது.

மாணவருக்கு ஏற்ற வடிவம், படத்தரத்தைப் படிநிலையில் மதிப்பிடும் ஆய்வு. நெஞ்சுப் படத்தில் இதயத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா, இதயத்துக்குப் பின்னுள்ள நுரையீரல் தெரிகிறதா என்பது போன்ற உடற்கூற்று அளவுகோல்களை ஐரோப்பிய ஆணையம் 1996-லேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அவற்றை ஐந்து படிநிலையில் மதிப்பிடச் சொல்லலாம். ஒரே எச்சரிக்கை: 1 முதல் 5 வரையிலான படிநிலை எண்கள் வெறும் வரிசை. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது பிழை. இதற்கென்றே 2007-இல் முன்வைக்கப்பட்ட படிநிலை மதிப்பீட்டு வளைவு முறை இருக்கிறது.

இனி நேரக் கணக்கு. 60 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வகைப் படம்: 120. ஒருவரே மறுமுறை பார்த்தால் மாறுகிறாரா என்று அறிய 20 விழுக்காட்டை மீண்டும் சேர்க்க வேண்டும்: இன்னும் 24. மொத்தம் 144 படங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒருவருக்கு 288 நிமிடம், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஐந்து பேர் என்றால் 24 மணி நேரம். பணிச்சுமையில் இருக்கும் மருத்துவர்களிடம் இதைக் கேட்கப்போகிறீர்கள். "பார்த்துத் தருகிறேன்" என்ற வாய்மொழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாள் குறித்து, அமர்வுகளாகப் பிரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நோயாளியின் இரு படங்களுக்கிடையே சில வார இடைவெளி விட வேண்டும், நினைவு குறுக்கிடாமல் இருக்க. அந்த வாரங்களும் உங்கள் ஓர் ஆண்டிலிருந்துதான் கழியும்.

முடிவுகளைக் கூறுவதிலும் ஒரு பொறி. 100 படங்களை இருவர் பார்க்கிறார்கள். 90 இயல்பு, 2 இயல்பற்றது என்று இருவரும் ஒத்துப்போகிறார்கள். மீதி எட்டில் வேறுபடுகிறார்கள், நான்கில் ஒருவர் இயல்பற்றது என்கிறார், நான்கில் மற்றவர். ஒத்திசைவு 92 விழுக்காடு, கேட்கக் காதுக்கு இனிமை. ஆனால் தற்செயல் ஒத்திசைவைக் கழித்துப் பார்க்கும் கப்பா மதிப்பைக் கணக்கிட்டால் 0.29-தான் வரும், ஏனென்றால் இயல்பான படங்கள் இவ்வளவு அதிகமாக இருக்கும்போது தற்செயலாகவே பெரும்பாலும் ஒத்துப்போய்விடலாம். இரண்டு எண்களையும் அட்டவணையோடு கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுப்பது வாசகரை ஏமாற்றுவது.

இன்னொன்று. படத்தைப் பார்ப்பவர்களும் ஆய்வில் பங்கேற்பவர்களே. யார் எத்தனை தவறவிட்டார் என்ற தகவல் அவர்களைக் காயப்படுத்தக்கூடியது. அவர்களிடமும் சம்மதம் பெற்று, பெயருக்குப் பதில் குறியீடு வையுங்கள்.

ஃபேண்டத்தில் டோஸைப் படிப்படியாகக் குறைத்துப் படமெடுத்து, அதே படங்களைப் பார்வையாளர்களிடம் காட்டுவது என்று இரண்டு முறைகளையும் இணைக்கலாம். அளவீட்டுப் பகுதி முடிந்துவிட்டால் பாதி ஆய்வேடு பத்திரம். பார்வையாளர் பகுதி தாமதித்தாலும் கையில் ஒன்று இருக்கும்.

## புதிய நோயாளிகள் அல்லது தன்னார்வலர்கள்

கேள்வியை நீங்களே வகுத்து, அதற்கென்று ஆட்களைச் சேர்த்து, சீராகப் படமெடுப்பது முன்னோக்கு ஆய்வு. சான்றின் வலிமையில் இது மேலே நிற்கிறது. ஆனால் கதிர்வீச்சு வரும் இடத்தில் விலை கடுமை. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1992-இல் ஆய்வுக்கான டோஸை அடுக்குகளாகப் பிரித்தது: 0.1 மில்லிசீவர்ட்டுக்கு (டோஸின் அலகு) கீழ், 0.1 முதல் 1 வரை, 1 முதல் 10 வரை, 10-க்கு மேல். அடுக்கு உயர உயர, அந்த ஆய்வால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயனும் உயர வேண்டும் என்பது அதன் கோட்பாடு. மாணவர் ஆய்வேடு ஒன்றுக்காக ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நெஞ்சு சி.டி. எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். அது பல மில்லிசீவர்ட். எந்த அறநெறிக் குழுவும் இதை முதலில் கேட்க வேண்டும், நீங்களும் உங்களையே கேட்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் வேறு. அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லாததால் தன்னார்வலர்களைச் சேர்க்க வாய்ப்பு திறக்கிறது. குறிப்பாக அல்ட்ராசவுண்ட் அளவீடு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பது சிறிய எண்ணிக்கையிலும் பயனுள்ள ஆய்வு. ஒரே தசையின் தடிமனை இருவர் தனித்தனியே அளக்கட்டும். இருவர் அளவுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்ணை) போட்டு, "0.95, மிகச் சிறந்த ஒத்திசைவு" என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் எப்போதும் மூன்று மில்லிமீட்டர் கூட்டியே அளந்தாலும் கெழு ஒன்றை நெருங்கும். 1986-இல் பிளாண்டும் ஆல்ட்மனும் காட்டிய வழியில், இருவரின் வேறுபாட்டைச் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள்.

மறைமுகச் செலவுகளில் பெரிதானது, தற்செயலாகத் தென்படும் நோய். ஆரோக்கியமானவர் என்று சேர்த்த தன்னார்வலரின் மூளைப் படத்தில் ஏதோ ஒன்று தெரிந்தால் யார் பார்ப்பார், யார் அவரிடம் சொல்வார், அதன் பின் அவர் எங்கே போவார்? முதல் நபரைப் படமெடுக்கும் முன்பே இதற்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இது ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடும் விஷயம். சேருவதாகச் சொன்னவர்களில் பலர் வரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாதியில் நின்றால் இந்த முறையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

## செயற்கை நுண்ணறிவு

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான், ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன். பொதுவெளியில் கிடைக்கும் படத்தொகுப்பைத் தரவிறக்கி, ஒரு மாதிரியை (படங்களிலிருந்து கற்கும் நிரலை) பயிற்றுவித்து, 97 விழுக்காடு துல்லியம் என்று எழுதுவதை ஆய்வேடாக எடுக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

தரவு இலவசம் என்பதுதான் மயக்கம். 2017-இல் வெளியான புகழ்பெற்ற நெஞ்சுப் படத்தொகுப்பில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் உள்ளன. ஒருவருக்குச் சராசரியாக மூன்று, நான்கு படங்கள். படங்களைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் ஒரே நோயாளி இரு பக்கமும் வந்துவிடுவார். மாதிரி நோயைக் கற்காமல் ஆளைக் கற்றுக்கொள்ளும். பிரிப்பது நோயாளிவாரியாக இருக்க வேண்டும். அடுத்தது, அந்தத் தொகுப்பின் நோய்ப் பெயர்கள் எல்லாம் அறிக்கைகளிலிருந்து மென்பொருள் பிரித்தெடுத்தவை. மருத்துவர் படத்தைப் பார்த்துக் குறித்தவை அல்ல. நுரையீரல் உறைக்குள் காற்று என்று குறிக்கப்பட்ட படங்கள் பலவற்றில் சிகிச்சைக் குழாய் ஏற்கெனவே செருகப்பட்டிருந்ததைப் பின்னர் கவனித்தார்கள். மாதிரி காற்றைத் தேடியதா, குழாயைத் தேடியதா?

2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, நிமோனியாவைக் கண்டறியப் பயிற்றுவித்த மாதிரி, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்துக்கொள்வதைக் காட்டியது. நோய் விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டதால் அதுவே குறுக்குவழியாயிற்று. கொரோனா காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பெரியவர்களின் கொரோனா படங்களுக்கு எதிராகக் குழந்தைகளின் நிமோனியா படங்களை வைத்துப் பயிற்றுவித்தவர்கள் உண்டு. 2021-இல் இத்தகைய ஆய்வுகளை மறுபரிசீலனை செய்த குழு 2,212 கட்டுரைகளிலிருந்து தரம் பார்த்து 62-ஐ எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று முடித்தது.

அப்படியானால் விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ரேடியோகிராஃபர் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய இடங்கள் இருக்கின்றன. வேறொருவர் உருவாக்கிய மாதிரியை உங்கள் படங்களில் சோதித்து, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பது ஒன்று: சாய்ந்து எடுத்த படத்தில், நடமாடும் கருவியில் எடுத்த படத்தில், மூச்சை முழுதாக இழுக்காத படத்தில். ஒரு படத்தில் உடல் சுழன்றிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தானாகச் சொல்லும் தரச் சோதனை இன்னொன்று. இவற்றில் உங்கள் தொழிலறிவே மூலதனம். நிரலாளர் ஒருவரிடம் அது இருக்காது.

மறைமுகச் செலவு: படங்களுக்குக் குறியிடும் வேலை. நிரல் எழுத இரண்டு வாரம் என்றால் குறியிட நான்கு மாதம். அதுவும் இருவர் தனித்தனியே குறியிட்டு, வேறுபட்டவற்றை மூன்றாமவர் தீர்க்க வேண்டும். கிட்டத்தட்ட அது ஒரு பார்வையாளர் ஆய்வு.

## முறைசார் மீளாய்வும் கருத்தறியும் ஆய்வும்

வெளியில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வுக்குக் கருவியோ நோயாளியோ வேண்டாம். ஆனால் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். கட்டுரைகளை இருவர் தனித்தனியே சலித்தெடுக்க வேண்டும், தேடலை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாசிப்பில் பொறுமையும் நூலகரின் உதவியும் இருந்தால் எடுங்கள்.

கருத்தறியும் வினாப்பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே உங்கள் கேள்வி என்றால் அது சரியான முறை. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக எடுத்தால் வாசகருக்கு அது தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| முறை | சொல்ல முடிவது | சொல்ல முடியாதது | யாருடைய நேரம் | பாதியில் நின்றால் |
|---|---|---|---|---|
| பழைய படங்கள் | நடைமுறையில் நடந்தது என்ன | காரணம் இதுதான் என்று உறுதியாக | உங்களுடையது, தரவுப் பொறுப்பாளருடையது | சிறிய அறிக்கையாக நிற்கும் |
| ஃபேண்டம் | ஒரு காரணியை மாற்றினால் படமும் டோஸும் எப்படி மாறும் | நோயாளிக்கு நன்மை | கருவியின் ஓய்வு நேரம் | முடிந்த அளவீடுகள் பயன்படும் |
| பார்வையாளர் | மனிதக் கண்ணுக்கு வேறுபாடு உண்டா | சிகிச்சையின் விளைவு | மருத்துவர்களுடையது | பார்வையாளர் குறைந்தால் வலு குறையும் |
| முன்னோக்கு | வகுத்த கேள்விக்கு நேரடிப் பதில் | சேராதவர்களைப் பற்றி | நோயாளி, கருவி, மருத்துவர் அனைவருடையதும் | மிகக் குறைவு |
| செயற்கை நுண்ணறிவு | இந்தத் தரவில் மாதிரி எப்படி நடந்துகொள்கிறது | வேறு மருத்துவமனையில் எப்படி இருக்கும் | குறியிடுபவர்களுடையது | குறியிட்ட தரவு மட்டும் |

## யாருக்கு எது

ஓர் ஆண்டு, தனியாள், கருவியை மாலையில் தொட அனுமதி உண்டு: ஃபேண்டம். வழிகாட்டி உதவியோடு மூன்று, நான்கு மருத்துவர்களை உறுதியாகப் பிடிக்க முடியும் என்றால் அதனோடு பார்வையாளர் பகுதியையும் சேருங்கள். என் கண்ணில் இதுதான் மாணவர் ஆய்வேட்டுக்கு மிகச் சிறந்த சேர்க்கை.

கருவியைத் தொட முடியாது, ஆனால் படக் களஞ்சியம் திறந்திருக்கிறது: பின்னோக்கு ஆய்வு, முடிந்தால் டோஸைப் பற்றியோ மறுபடி எடுத்த படங்களைப் பற்றியோ. நோயறிதல் துல்லியத்தைத் தொடுவதானால் மேலே போட்ட எண்ணிக்கைக் கணக்கை முதலில் போடுங்கள். போதாது என்று வந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

அல்ட்ராசவுண்டில் கை தேர்ந்தவர் நீங்கள், உடன் ஒரு தோழரும் உண்டு: அளவீட்டு ஒத்திசைவு பற்றிய சிறிய முன்னோக்கு ஆய்வு. முனைவர் பட்டத்துக்காக மூன்று, நான்கு ஆண்டுகள் கையில் இருப்பவர்கள் நோயாளிகளைச் சேர்க்கும் பெரிய திட்டத்தை எடுக்கலாம். முதல் ஆண்டை ஃபேண்டத்தில் செலவிட்டுவிட்டு.

நிரல் எழுதத் தெரியும், செயற்கை நுண்ணறிவில்தான் ஆர்வம்: உங்களிடமே இருக்கும் படங்களில் வேறொருவரின் மாதிரியைச் சோதியுங்கள். வெளித்தரவு எதுவும் கிடைக்காது என்றால் இந்த ஆண்டு தள்ளிவையுங்கள்.

எதை எடுத்தாலும் தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். அனுமதியோடு பத்துப் படங்களை எடுத்து, அடையாளம் நீக்குவதில் தொடங்கிக் கடைசிக் கணக்கு வரை முழு வழியையும் நடந்து பாருங்கள். ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கையெழுத்துக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளையும், முடிவுரைக்கென்று எழுதி வைத்த ஒற்றை வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியைப் பார்க்கச் செல்லுங்கள்.